குடுக்கை கேஸ்

எங்கள் கதிர்வீச்சுப் பிரிவில் அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளம் வாங்க மட்டும்தான் பயன்பட்டது. மற்ற நேரமெல்லாம் அவள் குடுக்கை. பெரிய டாக்டர் ஒருமுறை எரிச்சலில் "அவசரக்குடுக்கை" என்று திட்டிவிட, பாதியை விட்டுவிட்டு மீதியை நாங்கள் வைத்துக்கொண்டோம். கூப்பிட்டால் கோபமே இல்லாமல் திரும்பிப் பார்ப்பாள். அதில் எங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

கட்டியின் மேல் எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு கதிர் பாய வேண்டும் என்று கணினியில் பிளான் போடுவது அவள் வேலை. அந்த பிளானை மெஷினில் நடத்துவது என் வேலை. இரண்டு அறைக்கும் நடுவே ஒரு சுவர். அதைத் தாண்டியும் அவள் முணுமுணுப்பு கேட்கும்.

முணுமுணுக்கக் காரணம் இருந்தது. 'அவசரம்' என்று எழுதாவிட்டால் கோப்பை யாரும் தொடமாட்டார்கள் என்று எல்லா வார்டும் எல்லாக் கோப்பிலும் அதையே எழுதினார்கள். ஆகவே எதையும் யாரும் அவசரமாகத் தொடவில்லை. முதுகெலும்பில் கட்டி வந்த ஒரு டீச்சரம்மா, எங்கள் ஸ்கேனுக்கு நடந்து வந்தார். பிளான் முடிந்து கையெழுத்தாகி அழைத்தபோது ஸ்ட்ரெச்சரில் வந்தார். பிளான் பிரமாதம் என்று எல்லாரும் சொன்னோம்.

"பிளான் நல்லா நிக்குது. அவங்களாலதான் முடியல," என்றாள் குடுக்கை.

அன்று பிடித்தது பிடிவாதம். நோயைக் கண்டுபிடிக்க வார்டில் ஏற்கெனவே ஒரு ஸ்கேன் எடுத்திருப்பார்கள். பிளானுக்கென்று நாங்கள் தனியாக இன்னொன்று எடுப்போம், அதற்கு ஒரு வரிசை. பழைய நோயாளிகளின் வார்டு ஸ்கேனிலேயே பிளான் போட்டு, எங்களுடையதோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். முதுகெலும்பில் வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. பெரிய டாக்டரிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றினால் முடியாது என்று அர்த்தம்.

பிறகுதான் பெயிண்டர் வந்தார், அவருக்கும் முதுகெலும்பில் கட்டி. ஏணியில் நின்றே வாழ்ந்த மனிதர். காலையில் கால்கள் மரத்தன. மதியத்துக்குள் கால் கட்டைவிரல்கள் மட்டும்தான் அசைந்தன. எங்கள் ஸ்கேனில் மறுநாள்தான் இடம். குடுக்கை யாரையும் கேட்கவில்லை, வார்டு ஸ்கேனை எடுத்து பிளானைத் தொடங்கிவிட்டாள்.

பெரிய டாக்டர் வந்து நின்றார். "ஏம்மா, அந்த ஸ்கேன் மேசை குழிவு. நம்ம மெஷின் மேசை தட்டை. முதுகு ஒரே மாதிரியா படுக்கும்?"

"படுக்காது டாக்டர். அதுக்குத்தான் கட்டியச் சுத்தி ஓரத்த அகலமா விட்டிருக்கேன். மெஷின்ல படுக்க வச்சு இந்த அக்கா முதல்ல படம் எடுப்பாங்க. பொருந்தலேன்னா கதிரே கிடையாது."

"ஆக்கப் பொறுத்தாச்சு, ஆறப் பொறுக்கக் கூடாதா?"

"இங்க ஆறிப்போறது அவரு காலு டாக்டர். ஒரு சரிபார்ப்பையும் நான் விடல. காத்திருக்கிறதத்தான் விட்டிருக்கேன். நாளைக்குன்னா, அத நீங்களே அவர்கிட்ட வந்து சொல்லுங்க."

அவள் திரையிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை. பெரிய டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார், கட்டியின் எல்லையைத் தானே வரைந்தார். கணக்கைச் சரிபார்ப்பவரும் அங்கேயே நின்று பார்த்து முடித்தார்.

மெஷினில் படம் எடுத்தேன். முதுகு சற்று விலகியிருந்தது. மேசையை நகர்த்தி மறுபடி எடுத்தேன். பொருந்தியது. அன்று சாயங்காலமே கதிர் பாய்ந்தது.

இப்போது எங்களிடம் 'அவசரம்' என்ற சொல் இல்லை. "குடுக்கை கேஸ்" என்றால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு எல்லாரும் ஒரே அறைக்கு வந்துவிட வேண்டும். கோப்பில் எழுத அனுமதியில்லை, வாயால்தான் சொல்ல வேண்டும். எழுதினால் பழைய கதைதான்.

சில வாரம் கழித்துப் பெயிண்டர் பரிசோதனைக்கு வந்தார். கைத்தடியோடு, ஆனால் சொந்தக் காலில். நன்றி சொல்வார் என்று நாங்கள் முகத்தைத் தயாராக வைத்திருந்தோம். அவரோ அந்த நடுச்சுவரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"இதுக்கு யாரு பெயிண்ட் அடிச்சது? முதல் பூச்சு காயறதுக்குள்ள ரெண்டாவது போட்டிருக்கான். அவசரக்குடுக்கை."

பெரிய டாக்டர் இருமினார். குடுக்கை வழக்கம்போல் திரும்பிப் பார்த்தாள்.

"கூப்பிட்டீங்களாண்ணே?" என்றாள். "சுவர எவ்வளவு வேணாலும் திட்டுங்க. நின்னுக்கிட்டே திட்டுங்க."