பெரிய சிஸ்டரின் புதன்கிழமை

மருந்து அறைக்குள்ளிருந்து வந்த ரீங்காரத்தைக் கேட்டு, குளிர்சாதனப் பெட்டி கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கதவைத் திறந்தால் பெரிய சிஸ்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மேசைமேல் அவருடைய கைபேசி சுருதி போட்டுக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அதை அவசரமாகத் துண்டுக்கடியில் தள்ளினார். "யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. பாட்டு கிளாஸ்ல சேரலாம்னு இருக்கேன்" என்றார்.

காஞ்சிபுரத்தில் நான் செவிலியராக வேலை பார்க்கும் தனியார் மருத்துவமனையில் அவர்தான் அப்போது தலைமைச் செவிலியர். நோயாளிகளுக்குப் பெரிய சிஸ்டர். செவிலிமேட்டில் தாயாரோடு இருந்தவர். தாயார் நெடுநாள் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தபின் தனியாள். பள்ளிக்கூடத்தில் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு அவரைக் கடைசி வரிசையில் நிறுத்தி, 'நீ வாயை மட்டும் அசை' என்று சொல்லிவிட்டார்களாம். அதன்பின் சர்ச்சிலும் வாயைத்தான் அசைத்து வந்திருக்கிறார். பெரியவர்களுக்கென்றே பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு மாடியில் புதன்கிழமை மாலைகளில் பாட்டு வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டதும் அந்தப் பழைய ஆசை தலைதூக்கியிருக்கிறது. "நான் இன்னா மேடையேறவா போறேன்? சாவறதுக்குள்ள ஒரு பாட்ட வாய்விட்டுப் பாடணும், அவ்ளோதான்."

ஆனால் வார்டை விட்டுப்போக அவருக்கு மனம் வரவில்லை. தாயாருக்காகவும் நோயாளிகளுக்காகவும் ஓடியே பழகியவருக்கு, தனக்கென்று ஒரு மாலைப் பொழுதை எடுத்துக்கொள்வது திருட்டைப் போலத் தோன்றியது. நான்தான் பிடிவாதம் பிடித்தேன். "நீங்க போங்க சிஸ்டர், நான் இருக்கேன்ல" என்று அவர் கையில் குடையைக் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

அப்போது எங்கள் வார்டில் வயதான நெசவாளர் ஒருவர் இருந்தார். சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண். பெரிய சிஸ்டரைத் தவிர வேறு யாரையும் கட்டுப் பிரிக்க விடமாட்டார். நாங்கள் பக்கத்தில் போனாலே காலை இழுத்துக்கொள்வார். சிஸ்டர் வந்து, "இன்னா மாமா, பயந்துக்கினே இருந்தா புண்ணு ஆறிடுமா?" என்று கேட்டால் சிரித்தபடி காலை நீட்டுவார்.

சிஸ்டர் முதல் வகுப்புக்குப் போன அன்று மாலை நெசவாளருக்கு வியர்த்துக் கொட்டியது. மார்பைப் பிடித்துக்கொண்டார். மருத்துவர் ஓடிவந்தார், செய்யவேண்டியதையெல்லாம் செய்தோம். பலனில்லை. யார் இருந்திருந்தாலும் இப்படித்தான் முடிந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னார்.

மறுநாள் காலை, பெரிய சிஸ்டர் வெறும் கட்டிலைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"என்னக் கேட்டாராம்மா?"

"இல்ல சிஸ்டர். வலி வந்ததுமே நெனவு தப்பிடுச்சு, பேசவே இல்ல."

வாயில் வந்துவிட்டது. அவர் முகம் தளர்ந்ததைப் பார்த்தபோது, சொன்னது சரிதான் என்றே நினைத்தேன். இரண்டு வாரம் வகுப்புப் பக்கமே போகாமல் இருந்தவர், நான் வற்புறுத்தியதும் மறுபடி போகத் தொடங்கினார். பணி ஓய்வு பெற்ற பிறகு ஒரு புதன்கிழமைகூட விட்டதில்லை என்று கேள்வி.

போன வருடம் அந்த வகுப்பின் ஆண்டுவிழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார். தையல்கடைக்காரர், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர் என்று ஒவ்வொருவராகப் பாடினார்கள். பெரிய சிஸ்டரின் முறை வந்தது. நீலப் பட்டுப்புடவையில் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு வார்டு முழுக்கக் கேட்கும் குரலில் பாடினார். இரண்டு இடத்தில் சுருதி விலகியது. அதைப் பற்றி அவர் கவலைப்படவே இல்லை. அவரை அப்படி ஒரு மகிழ்ச்சியில் நான் பார்த்ததே இல்லை.

பேருந்து நிறுத்தத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு அவரு என்னக் கேக்கலன்னு நீ சொன்ன பாரு, அத நெனச்சிதாம்மா திரும்பப் போனேன். இல்லாங்காட்டி அதோட உட்டிருப்பேன்."

அந்த நன்றியை என்னால் தாங்க முடியவில்லை. "கேட்டாரு சிஸ்டர்" என்றேன்.

அவர் கையை எடுக்கவில்லை. "இன்னா கேட்டாரு?"

"பெரிய சிஸ்டர் எங்கன்னு கேட்டாரு. பாட்டு கிளாஸ் போயிருக்காங்கன்னு சொன்னேன். இன்னா பாட்டுன்னு கேட்டாரு. எனக்குச் சொல்லத் தெரியல. அதுக்கப்புறம் அவரு பேசல."

பேருந்து ஒன்று வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அவர் ஏறவில்லை.

"அன்னிக்குப் பாட்டெல்லாம் ஏதும்மா," என்றார் மெதுவாக. "மொத நாளு. ச ரி க ம தான் சொல்லிக் குடுத்தாங்க."

அடுத்த பேருந்தில், என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனார். அதன்பின் அவர் வகுப்புக்குப் போகவில்லை. என் அழைப்புகளையும் எடுக்கவில்லை. சில மாதம் கழித்து அவரே கூப்பிட்டார். "நீயும் வந்து சேந்துக்கோ. தனியா அங்க போய் உக்கார முடியல."

இப்போது புதன்கிழமைகளில் நானும் போகிறேன். அவரிடம் உண்மையைச் சொன்னது நியாயம் என்று சில நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்ததுண்டு. அது எடுபடவில்லை. அவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்றா சொன்னேன்? சுமந்தது போதும் என்று என் பாரத்தை இறக்கி, அவர் வாழ்வின் மிக நல்ல மாலையில், அவர் தலையில் வைத்தேன்.

அவர் பாடத்தான் செய்கிறார், நன்றாகவே பாடுகிறார். ஆனால் பாட்டின் நடுவில் கண்ணைத் திறந்து ஒருமுறை வாசலைப் பார்க்கிறார், யாரோ கூப்பிட வந்து நிற்பதுபோல. முன்பெல்லாம் இப்படிப் பார்க்கமாட்டார் என்று பாட்டு டீச்சர் என்னிடம் சொன்னார்.