மோட்டார் ஷெட்டில் பதினாறு நிமிஷம்

தஞ்சாவூர்ப் பக்கம் பொறந்துட்டு உனக்கு இங்கிலீஷ்காரன் பாட்டு ஒரு கேடான்னு கேக்காத ஆளே எங்க ஊர்ல இல்லை. கேட்டுட்டுப் போகட்டும். கர்நாடக சங்கீதம் எங்க தெருவுக்கு என்னிக்கு வந்துது, நான் வேண்டாம்னு சொல்ல? எனக்குக் கிடைச்சது காலேஜ் ஹாஸ்டல்ல என் கூட்டாளி லேப்டாப்புல போட்டுக் காட்டின பழைய புரொக்ரசிவ் ராக்தான்.

இது எங்கேருந்து வந்துதுன்னு நானும் அவனும் தோண்டிக்கிட்டே போய், ஐரோப்பாவோட பழைய சாஸ்திரிய சங்கீதத்துல நின்னோம். எனக்கு முந்நூறு வருஷத்துக்கு முந்தின பரோக் காலம்தான் உசிரு. ஒரு குரல் ஒரு வரியை ஆரம்பிக்கும். அது முடியறதுக்குள்ள இன்னொண்ணு அதே வரியை எடுத்துக்கிட்டுத் துரத்தும். அவனுக்கு அதுக்கெல்லாம் பின்னாடி வந்த ரொமான்டிக் காலம். பொங்கிப் பொங்கி அழணும் அவனுக்கு. ராக்காரங்க ரெண்டையும் விடலை. துரத்தலை ஆர்கனுக்கும் கிடாருக்கும் பிரிச்சுக் கொடுத்தாங்க, அழுகையை இருபது நிமிஷத்துக்கு இழுத்தாங்க. நாங்களும் பதினாறு நிமிஷத்துக்கு ஒண்ணு பண்ணினோம். துரத்தல் என்னோடது, கிடார்ல. அழுகை அவனோடது, கீபோர்டுல.

அவன் சிங்கப்பூர் கிளம்பற அன்னிக்குத்தான் பதிவு பண்ண வாய்ச்சுது. வீட்டுல ஆம்ப்ளிஃபயரைப் போட்டா தெருவே சண்டைக்கு வரும். அதனால திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்துல, எங்க வயல் மோட்டார் ஷெட். அம்மா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்துச்சு. "குறுவை நாத்து முளைச்சு மூணு நாள்தான் ஆவுது. பத்து மணிக்கு மும்முனைக் கரண்டு வந்ததும் மோட்டார் ஓடுதான்னு பாத்துக்க"ன்னு சொல்லிட்டுத்தான் போச்சு. கரண்டு வந்தா மோட்டார் தானா ஓட ஆட்டோ சுவிட்ச் இருக்கு. ஓடினா சுவரே அதிரும். "மைக்குல ஏறிடும்டா, ஆஃப் பண்ணு"ன்னான் அவன். அணைச்சது நான்தான்.

நாலு மணிக்குப் பதிவு முடிஞ்சுது, மும்முனைக் கரண்டும் போச்சு. மறுநாள் டிரான்ஸ்ஃபார்மர் எரிஞ்சு, மாத்த நாலு நாள் ஆச்சு. வாய்க்கால்லயும் தண்ணி இல்லை. அன்னிக்கு ஒரு பாய்ச்சல் பாய்ஞ்சிருந்தா தாங்கியிருக்கும். நாற்றங்கால் மொத்தமும் கருகிப்போச்சு.

"பச்சப் புள்ளையாட்டம் இருந்த நாத்தைக் கொன்னுட்டியேடா!" அம்மா காஞ்ச மண்ணை அள்ளி என் மூஞ்சியில எறிஞ்சுது. அந்த வருஷம் எங்களுக்குக் குறுவையே இல்லை. வெக்கத்துல செத்தேன். ஆனா உண்மையைச் சொல்லிடறேன், ஒரு மூலையில சந்தோஷமும் இருந்துது. என் துரத்தல் அவ்வளவு சுத்தமா விழுந்திருந்துது. என்னிக்காவது அம்மாவுக்குப் போட்டுக் காட்டலாம்னு இருந்தேன்.

போன மாசம் அவன் அந்தப் பாட்டை நெட்டுல போட்டான். அழுகை அப்படியே இருக்கு. துரத்தல் வர்ற இடத்துல வேற எவனோ வாசிக்கிறான். உடனே போன் பண்ணினேன்.

"கோச்சுக்காதடா. உன் கிடாருக்குப் பின்னாடி பூரா மோட்டார் சத்தம். எடுக்கவே முடியலை"ன்னான், கூசாம.



"அன்னிக்கு மோட்டார் ஓடவே இல்லைடா, படுபாவி. ஓடியிருந்தா எங்கம்மாவோட நாத்தாவது பொழைச்சிருக்கும்."