பிச்சம்மா வீட்டு இரவல் நாற்காலி

"என்னய்யா தலையாரி, இந்தம்மாவுக்கா ஓ.ஏ.பி.? என் வீட்லகூட இப்படி நாற்காலி கெடையாது!"

பிச்சம்மா பெரியம்மா வீட்டு வாசலைத் தாண்டியதும் ஆர்.ஐ. அய்யா சொன்னது இது.

எண்பதுகளின் கடைசி. வன்னியம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் நான் தலையாரி. எட்டாம் வகுப்புதான் படிப்பு. காலையில் ஜெபம் பண்ணாமல் சைக்கிளைத் தொடமாட்டேன். ஓ.ஏ.பி. என்றால் முதியோர் உதவித்தொகை. ஆதரவில்லாதவர்களுக்கு மாசாமாசம் மணியார்டரில் வரும். மனுப் போட்டால் ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அதாவது ஆர்.ஐ., வீட்டுக்கே வந்து விசாரிப்பார். அவர் 'தகுதி இல்லை' என்று எழுதிவிட்டால் அம்புட்டுத்தான்.

பெரியம்மாவுக்குப் புருசனும் இல்லை, பிள்ளையும் இல்லை. தீப்பெட்டி ஒட்டிப் பிழைத்தவர். கண் மங்கியபிறகு அந்த வேலையும் போய், அக்கம்பக்கத்தில் ஊற்றுகிற கஞ்சிதான்.

ஆபீசர் வருகிறார் என்று தெருவுக்கு முந்தின நாளே தெரிந்துவிட்டது. பெரிய மனுசரைத் தரையில் உட்காரவைத்தால் தெருவுக்கே மானக்கேடு அல்லவா? சலூன்காரர் நாற்காலி கொடுத்தார். பலசரக்குக் கடை மரியம் அக்கா டிரான்சிஸ்டர் கொடுத்தார். எதிர்வீட்டு அக்கா தன் நல்ல சேலையையே கட்டிவிட்டார். நான் ஆர்.ஐ.யோடு போய் இறங்கும்போது வீட்டுக்குள் பாட்டு ஓடுகிறது, காபி மணக்கிறது!

"சாப்பாட்டுக்குக் கஷ்டமாம்மா?" என்று ஆர்.ஐ. கேட்டார்.

வந்த விருந்தாளியிடம் யாராவது பஞ்சப்பாட்டுப் பாடுவார்களா? பெரியம்மா கைகூப்பி, "ஒரு குறையும் இல்லய்யா. மாரியாத்தா புண்ணியத்துல நல்லா இருக்கேன். காபி ஆறிடும், குடிங்க" என்றார்.

அதற்குப் பிறகுதான் ஆர்.ஐ. என்னிடம் அப்படிச் சொன்னது.

எனக்குத் தெரு வழக்கம் தெரியும். "அய்யா, ஒரு வெத்தலை போடுவோம். செத்த நேரம் நில்லுங்க" என்று தெருமுனைப் பெட்டிக்கடையில் அவரை நிறுத்திவிட்டேன். மனசுக்குள், 'ஆண்டவரே, சீக்கிரம்' என்று ஒரு வேண்டுதல்.

முதலில் சலூன்காரர் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தார். "வழி விடுலே, பாதிச் சவரத்துல ஆள் நின்னுக்கிட்டிருக்கான்!" பின்னாலேயே மரியம் அக்கா, கையில் டிரான்சிஸ்டர் இன்னும் பாடிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் எதிர்வீட்டு அக்கா, தோளில் மடித்த சேலை.

ஆர்.ஐ. வெற்றிலையை மெல்லுவதையே நிறுத்திவிட்டார். "தலையாரி, அம்புட்டும் போயிருச்சா, இன்னும் இருக்கா?"

"நீங்க காபி குடிச்ச டம்ளர் வரலய்யா."

அதுவும் வந்தது.

ஆர்.ஐ. பெரியம்மா வீட்டுக்கே திரும்பி நடந்தார். நைந்த சேலையில் சாக்கின்மேல் உட்கார்ந்திருந்த பெரியம்மா பதறிப்போனார்.

"அய்யய்யோ, இப்ப வாரீகளே, எங்க உக்காரவைப்பேன்?"

ஆர்.ஐ. தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஆத்தா, நான் விருந்துக்கு வரல. காலைல என்ன சாப்டீங்க, அதச் சொல்லுங்க."

பெரியம்மா சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டார். பொறவு மெதுவாக, "ஒண்ணும் இல்லய்யா. ஒங்களுக்குப் பாலு வாங்க அலைஞ்சதுல, கஞ்சி கேக்க மறந்துட்டேன்" என்றார்.

உதவித்தொகை வந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான்: எங்கள் சனம் ஆபீசருக்கு முன்னால் இல்லாமையைக் காட்டாது. விசாரித்து முடித்ததும் வண்டியை எடுக்காதீர்கள். தெருமுனையில் கொஞ்சம் நில்லுங்கள்.

பிறகு ஒருமுறை மறுவிசாரணைக்கு அதே ஆர்.ஐ. வந்தார். பெரியம்மா புது எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் நீட்டினார். அவர் குடித்துவிட்டு, டம்ளரைக் கேட்டு யாரும் நிற்கிறார்களா என்று வாசலை எட்டிப் பார்த்தார்.

பெரியம்மா சிரித்தார். "யாரும் வரமாட்டாகய்யா. இது என் பென்சன்ல வாங்குனது."