படுத்தே வளர்ந்த கன்றுகள்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அந்த நர்சரியில் யாருக்கும் நினைவில்லை. கைராசி என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். பெருக்குவதற்கு வேலைக்கு வந்தவள், குப்பைக்குப் போக வேண்டிய ரோஜாக் குச்சிகளை உடைந்த சட்டியில் செருகி வைக்க, அத்தனையும் துளிர்த்துவிட்டன. அன்றே முதலாளியம்மா அவள் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கிக்கொண்டு கத்தரிக்கோலைக் கொடுத்தாள். செம்பருத்தி, காகிதப்பூ, குரோட்டன்ஸ் எதுவும் அவளை ஏமாற்றியதில்லை. "என் பொண்டாட்டி தையல் ஊசியை நட்டாலும் இலை விட்டுடும்" என்று அவள் புருஷன் தன் தையல்கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பான்.

நர்சரியின் பின்வாசலில் ஓர் அரோகேரியா நின்றது. பூமியின் தென்பாதியிலிருந்து வந்த ஊசியிலை மரம். அடிமரம் நூல் பிடித்ததுபோல் நேராக மேலே போக, கிளைகள் அடுக்கடுக்காக, குடைமேல் குடை விரித்த மாதிரி இருக்கும். புதிதாகக் கட்டிய ஆஸ்பத்திரி ஒன்றின் ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு, "இதே மரம் எங்கள் நடைபாதைக்கு இரண்டு பக்கமும் வேண்டும்" என்றார்கள். விதை போடலாம் என்றால், துணை மரம் பக்கத்தில் இல்லாததாலோ என்னவோ, அதன் விதையெல்லாம் பதர்.

"குச்சி வெச்சுப் பாரேன், உன் கைக்கு வராததா?" என்றாள் முதலாளியம்மா.

கைராசி எட்டின கிளைகளின் நுனியை வெட்டி, வேர் பிடிக்க வைக்கும் பொடியில் தோய்த்து, மணலில் ஊன்றி, பிளாஸ்டிக் தாளால் மூடி வைத்தாள். மாதக்கணக்கில் ஒரு அசைவும் இல்லை. முதலாளியம்மா அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டாள். ஒருநாள் கைராசி ஒன்றை மெல்ல இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. மண்ணைக் கிளறினால் வெள்ளை வேர்! நர்சரிக்கே கேட்கும்படி கூவினாள்.

கூவிய வாய் மூடுவதற்குள் குழப்பம் ஆரம்பித்தது. பைக்கு மாற்றிய கன்றுகள் நன்றாகத்தான் வளர்ந்தன. ஆனால் மேலே போகவில்லை, பக்கவாட்டில் போயின. ஒன்று இரண்டல்ல, எல்லாமே. சுற்றிலும் அடுக்கு விடாமல், பறவை இறகு மாதிரி இரண்டு பக்கம் மட்டும் சிறுகிளை விட்டுத் தட்டையாகப் படுத்துக்கொண்டன.

வெளிச்சத்தைத் தேடுகின்றன என்று நினைத்துப் பைகளைத் திருப்பி வைத்தாள். அவை தம்பாட்டுக்கு இருட்டுப் பக்கமாக நீண்டன. குச்சி நட்டுக் கயிற்றால் நிமிர்த்திக் கட்டினாள். கட்டின மட்டும் நிமிர்ந்து நின்றது. கட்டுக்கு மேலே வந்த புதுத்தளிர் மறுபடியும் படுத்தது.

"நாய் வாலை நிமிர்த்தப் பார்க்கிறியா?" என்று சிரித்தான் புருஷன்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போன மாதம் வந்திருந்த நாத்தனார், "எல்லாமேவா பொழச்சிடுச்சு!" என்று கண்ணை அகல விரித்தது நினைவுக்கு வந்தது. கண் பட்டிருக்குமோ? தன் கையில்தான் ஏதாவது கோளாறோ? செத்துப்போனால் அழுதுவிட்டு வேறு நடலாம். நோய் என்றால் மருந்து அடிக்கலாம். பச்சைப்பசேல் என்று நன்றாக இருந்துகொண்டே தப்பாக இருப்பதை என்ன செய்ய? சோற்றில் கைவைத்தபடியே யோசித்துக்கொண்டிருப்பாள்.

ஆர்க்கிட் வாங்க வரும் தாவரவியல் டீச்சரை முதலாளியம்மா ஒருநாள் கூட்டி வந்தாள். டீச்சர் ஒரு கன்றைத் தூக்கிப் பார்த்தாள்.

"பக்கக் கிளையிலேருந்து எடுத்தியாம்மா?"

"எட்டினது அதுதானே டீச்சர்."

"அதான். இந்த மரத்துல கிளையை வெட்டி நட்டா கிளையாவேதான் வளரும். உச்சித்தண்டை நட்டாத்தான் மரமாகும்."

கைராசிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "அதான் தனியா வேர் விட்டுடுச்சே டீச்சர். மண்ணு வேற, பை வேற. யாரோட கிளை இது?"

டீச்சர் கன்றைக் கீழே வைத்தாள். "நல்ல கேள்விதான். டைனோசர் காலத்துலேயே இருந்த குடும்பம் இது. தான் கிளைன்னு எப்படி ஞாபகம் வெச்சுக்குதுன்னு எனக்கும் சொல்லத் தெரியல. ரோஜாக்குச்சி மறந்துடும். இது மறக்கமாட்டேங்குது."

"அப்ப என் கையில தப்பில்லையா?"

"உன் கையில ஒண்ணும் இல்ல. விதையிலேருந்து நிமிர்ந்து வளர்ந்த கன்னு ஏதாவது இருந்தா அதோட தலையை வெட்டு. வெட்டின இடத்துக்குக் கீழே புதுசா உச்சி கிளம்பும், அதையெல்லாம் எடுத்து நடு."

ஆபீஸ் வாசலில் பெரிய தொட்டியில், வேறு எங்கோ விதையிலிருந்து வந்த ஆள் உயரக் கன்று ஒன்று இருந்தது. முதலாளியம்மாவின் செல்லம். அதை வெட்ட அவள் அரைமனதாகத் தலையாட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கைராசி கத்தரிக்கோலை எடுத்தாள். ஒரே வெட்டு. அந்த உச்சியையும் நட்டாள். எல்லாவற்றையும் பிழைக்க வைத்தவளிடம் அதுமட்டும் கருகிப்போனது.

மொட்டைத்தலையோடு கன்று நின்றது. மேலடுக்குக் கிளை ஏதாவது ஒன்று நிமிர்ந்து தலைமை ஏற்கும் என்று தினமும் பார்த்தாள். நாற்காலி காலியாகக் கிடந்தும் எந்தக் கிளையும் எழுந்து வரவில்லை. முதலாளியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டே அதைத் தாண்டிப் போனாள். ஒருநாள், மொட்டு என்ற அடையாளமே இல்லாதிருந்த வழவழப்பான தண்டில் பச்சைப் புள்ளிகள் வெடித்தன. தளிர்கள் நட்டுக்குத்தாக எழுந்தன. அவற்றை வெட்டி நட்டாள். நேராக வளர்ந்து, சுற்றிலும் அடுக்கு விட்டன.

சந்தோஷம்தான். ஆனால் மண்டை இன்னும் காய்ந்தது. இத்தனை நாள் இவை எங்கே ஒளிந்திருந்தன? விரற்கடை தள்ளி இருக்கிற கிளைக்குத் தெரியாதது இந்தப் புள்ளிக்கு எப்படித் தெரிந்தது?

ஆஸ்பத்திரிக்காரர்கள் காத்திருந்து அலுத்து, நடைபாதையின் ஒரு பக்கம் பனை வகை ஏதோ நட்டுவிட்டார்கள். இன்னொரு பக்கத்துக்கு மட்டும் கைராசியின் கன்றுகள் போயின. ஒருபக்கம் மீசை எடுத்த மாதிரி இருக்கிறது என்று முதலாளியம்மா இன்றைக்கும் குறைப்பட்டுக்கொள்கிறாள்.

படுத்த கன்றுகளை உரக்குழியில் போடச் சொல்லி முதலாளியம்மா சொன்னபோது கைராசி கேட்கவில்லை. மதில்மேல் வரிசையாக வைத்தாள். ஒரு காபிக்கடைக்காரர் வந்து, "இது என்ன புது ரகம்?" என்று கேட்டார். அவள் விஷயத்தைச் சொன்னாள். பாதி புரிந்தும் பாதி புரியாமலும் அவ்வளவையும் வாங்கிக்கொண்டு போனார். ஒன்றை மட்டும் அவள் கொடுக்கவில்லை.

அது இப்போது தையல்கடை ஜன்னல் ஓரத்தில் இருக்கிறது. சுவரை ஒட்டியே நீண்டு, தையல் மெஷினைத் தொட வந்துவிட்டது.

"இது எங்கேதான் போய் நிக்கும்?" என்று கேட்டான் புருஷன்.

"கிளை எவ்வளவு நீளம் போகுமோ அவ்வளவு."

"மரமே இல்லாத கிளைக்கு அளவு யார் சொல்றது?"

கைராசி ஊசி இலைகளைத் தடவிக்கொடுத்தாள். பிறகு, "தெரியலங்க, மெஷினைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க" என்றாள்.