எந்த மலை?

படிப்பு மூன்றாம் வகுப்புதான். ஆனாலும் சொந்த உழைப்பில் திருத்தணியில் பாத்திரக்கடை வைத்தவன் நான். தெலுங்கும் தண்ணீர் பட்ட பாடு.

சென்ற கிருத்திகையன்று மனைவி மலைக்கோயிலுக்குப் போயிருந்தபோது, கைப்பேசிக்கு ஒரு தெலுங்கு வீடியோ வந்தது. "கொண்ட மீத பண்ட படிந்தி!" என்று ஒருவர் அலறினார். மலைமேல் பாறை விழுந்துவிட்டதாம். எங்களுக்கு மலை என்றாலே முருகன் மலைதான். பதறிப்போய், 'நம்ம மலையில் விபத்து' என்று வியாபாரிகள் குழுவில் போட்டுவிட்டு அவளை அழைத்தேன்.

"இன்னாய்யா கத்தற? நான் பிரசாதம் துன்னுகினு கீறேன். எந்த மலைன்னு கேட்டியா?"

போன உயிர் திரும்பியது. வீடியோவை முழுதாகக் கேட்டேன். ஆந்திராவில் வேறொரு மலை, அதுவும் போன வருட மழையில். குழுவில் தவறென்று எழுதினேன்.

இப்போது யார் எதைப் போட்டாலும், "எந்த ஊரு, என்னைக்கு?" என்று முதலில் கேட்பவன் நான்தான்.