காளிகாட்டில் சங்கு கேட்ட புதன்கிழமை

பத்தாவதோடு நின்றவன் பயணக் கட்டுரை எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு வாயே வராது. "பேச வேண்டாம், எழுதிக் குடுங்க" என்று நூலகர் விடாமல் கேட்டதால் நம் வாசகர் வட்ட மலருக்கு இதை எழுதுகிறேன்.

என் தங்கை சாந்தாமணி கல்யாணமாகிப் பதினோரு வருஷமாகக் கொல்கத்தாவில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்குக் கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமை அலுவலகத்தில் வேலை. எல்லையில் சண்டை வரும்போல என்று டிவியில் பொழுதுக்கும் காட்டியதில் அம்மா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். "அவளையும் குழந்தையையும் கூட்டிட்டு வந்துரு" என்றார். திரும்பி வர மூன்று படுக்கைகள் பதிவு செய்துவிட்டுத்தான் கிளம்பினேன். கோவையிலிருந்து சென்னை, அங்கே வண்டி மாறி மறுநாள், அதாவது புதன்கிழமை, காலை பத்தரை மணிக்குக் கொல்கத்தாவை ஒட்டிய சாந்த்ராகாச்சி ஸ்டேஷனில் இறங்கினேன்.

அங்கிருந்து தங்கை குடியிருக்கும் காளிகாட்டுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். மஞ்சள் டாக்சிக்காரர் நானூற்றைம்பது கேட்டார். எங்கள் மில்லில் வடக்கத்தி ஆட்களோடு பழகிய அரைகுறை இந்தி எனக்கு உண்டு. கங்கைப் பாலத்தில் அவர் வண்டியை விரட்டியதும் பயந்து, "மெதுவா போங்க பாய்" என்றேன்.

"சண்டை வந்தா முதல் குண்டு இந்தப் பாலத்துக்குத்தானாம். அதான் சீக்கிரம் தாண்டிடறேன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆற்றைப் பார்க்காமலே பாலத்தைக் கடந்தேன்.

தங்கை வீடு ஒரு சந்துக்குள், இரண்டாம் மாடியில். எதிர்வீட்டுக் கம்பியில் காயும் துணியைக் கை நீட்டித் தொடலாம். வீட்டுக்காரம்மா கீழே இருக்கிறார். அவரைத் தங்கை 'காக்கிமா' என்று கூப்பிடுகிறாள். சித்தி என்று அர்த்தமாம். பகல் ஒரு மணிக்குச் சோறும் மீன் குழம்பும் போட்டபடியே, "அவரும் போயிட்டு வான்னுதாங்ண்ணா சொல்றாரு. ஆனா தாரணிக்குப் பரீட்சை வருது" என்று இழுத்தாள். தாரணி அவள் மகள், ஒன்பது வயது. சாப்பிட்டு முடிப்பதற்குள் மனம் இளகி, பரண்மேல் இருந்த பெட்டியை என்னை இறக்கச் சொன்னாள். இறக்கி வைத்தேன். வந்த காரியம் முடிந்தது என்று நிம்மதியானேன்.

மூன்றே முக்காலுக்கு நானும் தாரணியும் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தோம். தெற்கிலிருந்து இரண்டு போர் விமானங்கள் வந்தன. தென்னை உயரம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு அப்படித்தான் தெரிந்தது. தலைக்குமேல் வானத்தைக் கிழித்த மாதிரி ஒரு சத்தம். தண்ணீர்த் தொட்டி மூடி குதித்தது. சந்து முழுக்க ஜன்னல் கண்ணாடிகள் கடகடவென்று ஆடின.

எனக்குப் பயமில்லை. விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் சூலூர்க்காரனுக்கு இது தெரியாதா? நம் ஊரில் விமானம் போனால் பேச்சை நிறுத்துவோம், போனதும் விட்ட இடத்தில் தொடங்குவோம். "ஒண்ணுமில்ல கண்ணு, பிளேன்" என்று தாரணியிடம் சொன்னேன்.

கீழேதான் அலறல் கிளம்பியது. எல்லா வாசலிலிருந்தும் ஆட்கள் சந்துக்குள் கொட்டினார்கள். ஒருவர் தலையெல்லாம் சோப்பு நுரையோடு, இடுப்புத் துண்டைப் பிடித்தபடி ஓடினார்.

அடுத்து ஒரு வீட்டிலிருந்து சங்குச் சத்தம் வந்தது. உடனே எதிர்வீட்டிலிருந்து இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை.

நம் பக்கம் ஒரு வீட்டில் சங்கு ஊதினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை வீட்டிலா? ஒரே நேரத்திலா? விமானம் எதையோ போட்டுவிட்டது என்று முடிவே செய்துவிட்டேன். குழந்தையைத் தொட்டிக்கு அடியில் தள்ளி மேலே கவிழ்ந்து படுத்தேன்.

"மாமா, விடுங்க! மூச்சு முட்டுது!" என்று அவள் கத்தினாள்.

அப்போது எனக்கு நேர் கீழே, தங்கை வீட்டுக்குள்ளிருந்தே சங்கு கேட்டது. மாப்பிள்ளை! அவருக்கு ஏதோ ஆகிப் போன் வந்துவிட்டது என்று நினைத்தேன். படிகளை எப்படி இறங்கினேன் என்று தெரியாது. வாசலில் கன்னம் உப்பச் சங்கு ஊதிக்கொண்டு நின்றது சாந்தாமணியேதான். என் தங்கை, கையில் சங்கு! ஒரே அடியாகத் தட்டிவிட்டேன். படியில் உருண்டு முதல் மாடித் திருப்பத்தில் இரண்டாக உடைந்தது.

"என்னங்ண்ணா பண்ணீட்டீங்க!"

"மாப்பிள்ளைக்கு என்னாச்சு? சொல்லு!"

"அவருக்கென்ன, ஆபீஸ்ல இருக்காரு. பூகம்பம்னு எல்லாரும் ஊதறாங்க. இங்க நிலம் ஆடுனா பொம்பளைங்க சங்கு ஊதுவாங்ண்ணா, பூமி நிக்கட்டும்னு!"

சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். விமானம் எனக்குத் தெரிந்தது, சங்கு தெரியவில்லை. அவர்களுக்குச் சங்கு தெரிந்தது, விமானம் தெரியவில்லை.

யாரோ கைப்பேசியில் பிடித்த விமானப் படத்தைப் பார்த்த பிறகுதான் சந்து அடங்கியது. சிலர் கைதட்டினார்கள். "நம்முடையதா, அவன்களுடையதா?" என்று ஒரு பெரியவர் ஆள் ஆளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் திரும்ப மனமில்லாமல் பெண்கள் குழந்தைகளோடு வெளியிலேயே நின்றார்கள். காக்கிமா உடைந்த துண்டுகளைப் பொறுக்கிவந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். தங்கை குடிவந்த அன்று அவர் கொடுத்த சங்காம் அது. "பூகம்பம் ஒரு டம்ளரைக்கூட உடைக்கவில்லை. உன் அண்ணன் அதைவிடப் பெரிய ஆள்" என்றார். சந்தே சிரித்தது.

அந்தி சாய்ந்ததும் மறுபடியும் சங்குகள் கேட்டுத் துள்ளி எழுந்தேன். இது விளக்கு வைக்கும் நேரத்துக்காம், தினமும் உண்டாம். சுற்றிலும் வீட்டுக்கு வீடு ஊதினார்கள். தங்கை வெறுங்கையோடு விளக்கேற்றிக் கும்பிட்டாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நாங்க வரலீங்ண்ணா."

"சங்கை உடைச்சேன்னு கோவமா, அம்மிணி?"

"கோவமெல்லாம் இல்லீங். எனக்கும் உசுரு போயிருச்சு. ஆனா ஓடோணும்னு தோணல, சங்கை எடுக்கோணும்னுதான் தோணுச்சு. அத்தன வீட்லயும் ஊதறப்ப நானும் ஊதுனேன். அவ அங்க தனியா இல்லீன்னு அம்மாகிட்டச் சொல்லீருங்க."

அவளுக்கு ஏழு வயது மூத்தவன் நான். காக்க வந்தவன். அவள் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க இந்த நிமிஷம்வரை முயன்று பார்க்கிறேன். நம் ஊரில் அதே விமானம் தினம் போகிறது. அடுத்த வீட்டில் என்ன ஆயிற்று என்று அதற்காக நாம் ஒரு நாளும் வெளியே வந்ததில்லை. பெட்டியை நானே பரண்மேல் ஏற்றினேன்.

மறுநாள் வியாழக்கிழமை. காலையில் தங்கை காக்கிமாவோடு கோயில் கடைத்தெருவுக்குப் போய் வேறு சங்கு வாங்கி வந்தாள். பிற்பகல் சாந்த்ராகாச்சியில் நான் ஒருவனாக வண்டி ஏறினேன். கரக்பூர் தாண்டியதும் மற்ற இரண்டு படுக்கைகளையும் டிக்கெட் பரிசோதகர் வேறு இருவருக்குக் கொடுத்துவிட்டார்.