ஜன்னலைச் சாத்தியவன்

வேலூர்க் கல்லூரியில் அன்று ஆங்கில வட்டார வழக்குகள் பற்றிய பாடம். வட இங்கிலாந்துத் தோல் தொழிலாளிகளின் பேச்சில் பழஞ்சொற்கள் இன்னும் உயிரோடிருப்பதாக ஆசிரியர் உருகினார். தோல் சீவும் கத்திக்கு அவர்கள் வைத்த பெயரைக்கூட எங்களை மனப்பாடம் செய்யச் சொன்னார். அப்போது தோல் பதனிடும் ஊர்த் தோல் ஷாப்பின் நாற்றம் காற்றில் வந்தது.

"ஜன்னலைச் சாத்துப்பா, கொமட்டுது" என்றார் என்னிடம்.

சீமைத் தொழிலாளி என்றால் உருகுகிற மனிதருக்கு உள்ளூர்த் தொழிலாளியின் வாடை ஆகவில்லை. அந்த முகத்தை நினைத்தால் எனக்கு இன்றும் குமட்டுகிறது. ஆனாலும் எழுந்துபோய்ச் சாத்தினேன்.

"இந்த நாத்தத்துல மனுஷன் எப்பட்றா வேலை செய்றான்?" என்று என்னையே கேட்டார்.

அதே ஷாப்பில், முழங்கால் வரை சுண்ணாம்புக் குழியில், என் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"தெரியலை சார்" என்றேன்.